நனைத்தால் குளிரும் இன்சுலின் பை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

இன்சுலின் பேனாவை, அதாவது மருந்து அடைத்த பேனா வடிவ ஊசியை, வெயிலிலிருந்து காப்பதற்கென்று விற்கப்படும், தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் துணிப்பை ஒன்றைச் சென்ற பங்குனியில் வாங்கினேன். செங்கோட்டையில் குடியிருந்து புனலூரில் வேலை பார்க்கும் நான் ஆரியங்காவு வழியாக நாள்தோறும் மலையைக் கடந்தாக வேண்டும். புனலூர் வெயிலைப் பற்றிக் கேரளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் பயன்படுத்தும் இன்சுலினைத் திறந்த பிறகு 30 டிகிரிக்குள் வைத்து நான்கு வாரங்களில் தீர்த்துவிட வேண்டும். சித்திரை மதியத்தில் வெயிலில் நிற்கும் பேருந்துக்குள் அந்த 30 டிகிரி எப்போதோ தாண்டிவிடும்.

உடலில் இன்சுலின் சுரப்பது நின்றுபோகும் டைப் 1 சர்க்கரை நோய் எனக்கு வந்தது 1994-இல், 11 வயதில். அப்போது எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. வாயகன்ற மண்பானையில் ஆற்றுமணலைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, அதன் நடுவே சிறு கலயத்தில் மருந்துக் குப்பியை இறக்கி, ஈரத்துணியால் மூடி அம்மா காப்பாற்றி வந்தார். பானையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக முடியாதாகையால், சொந்தக்காரர் கல்யாணங்களுக்குக் காலையில் போய் மாலை ஊசிக்குள் திரும்பிவிடுவோம். இந்தப் பை செய்வதும் அதே பானையின் வேலைதான். ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

பையின் உட்புறத் தையல் அறைகளில் ரவை போன்ற படிகங்கள் இருக்கின்றன. நனைத்தால் அவை ஊறிய சவ்வரிசியைப் போலத் திரள்கின்றன. பத்து நிமிடம் ஊறினால் போதும். முதல் நாள் அதிக ஆர்வத்தில் அரை மணி நேரம் ஊறவிட்டேன். பை தலையணையைப் போல உப்பிப் பேனா உள்ளே நுழையவே இல்லை.

சிறு வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துச் சில நாள் பார்த்தேன். செங்கோட்டையில் வெளியே 36 டிகிரி இருந்தபோது பைக்குள் 27. காற்றில் ஈரம் மிகுந்த புனலூரில் வெளியே 35 இருந்தபோது உள்ளே 29-க்குக் குறையவில்லை. வியர்வை காயாத இடத்தில் இந்தப் பையும் குளிராது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. ஆனாலும் அந்த 29 எனக்குப் போதுமானது. பயன்பாட்டில் உள்ள பேனாவுக்குத்தான் இது சரி; 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய புதுப் பேனாக்களுக்கு ஃபிரிட்ஜ்தான் வேண்டும்.

குறைகளும் உண்டு. காற்றுப் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் மூடினால் குளிர்ச்சி வராது; கைப்பையில் அப்படியே போட்டால் பக்கத்திலிருக்கும் காகிதம் ஈரமாகிவிடும். வருகைப் பதிவேட்டின் இரண்டு பக்கங்களை அப்படி நனைத்து விட்டுத் தலைமையாசிரியரிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. குற்றாலச் சாரல் காலத்தில் பை காயாமல் பூஞ்சை வாடை அடித்தது. அந்த மாதங்களில் அதை உலர்த்தி எடுத்து வைத்துவிடுவதே நல்லது. ஒட்டுப்பட்டை ஓராண்டில் தளர்ந்துவிட்டது. 1,600 ரூபாய் கொடுத்த பொருளுக்கு அது நியாயமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் இதைப் பரிந்துரைக்கக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், ஃபிரிட்ஜில் வைக்கும்படி நான் கொடுத்த பேனாவை யாரோ அக்கறையாக ஐஸ் தட்டுக்கு அருகில் வைத்துவிட்டார்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. இரவில் மருந்துக்கடை தேடி அலைந்தோம். இந்த ஆவணியில் கொல்லத்தில் நடந்த கல்யாணத்துக்கு இரண்டு இரவு தங்கப் போனபோது எவரிடமும் ஃபிரிட்ஜைக் கேட்கவில்லை. முதல் நாள் இரவு பந்தி முடிந்து, மொட்டைமாடியில் பெண்களோடு பூக்கட்டிக்கொண்டிருந்தபோது, எழுந்து போக வேண்டிய நேரம் எதுவும் எனக்கு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. 1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும்வரை இந்த நோய் வந்த பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. நான் முப்பது ஆண்டுகளைத் தாண்டிப் பூக்கட்டிக்கொண்டிருந்தேன்.

வாங்குபவர்கள் ஒற்றைப் பேனா அளவை விட்டு, இரண்டு பேனா கொள்ளும் அளவை வாங்குங்கள். உணவுக்கு முன் ஒன்றும் இரவுக்கு ஒன்றுமாக இரண்டு இன்சுலின் போட்டுக்கொள்ளும் நம்மில் பலருக்குச் சிறியது பற்றாது.