திடீர் அடிவயிற்று வலி: படுத்துப் பார்ப்பதா, விடிந்து போவதா, இப்போதே கிளம்புவதா?

இரவு பத்து மணிக்கு ஒரு பெண்ணுக்கு அடிவயிற்றில் வலி பிடித்தால் வீட்டில் மூன்று யோசனைகள் வரும். ஓமத் தண்ணீரோ மாத்திரையோ கொடுத்துப் படுக்கச் சொல்வது ஒன்று, விடிந்ததும் டாக்டரிடம் போவது இன்னொன்று, இப்போதே வண்டி பிடிப்பது மூன்றாவது. பெரும்பாலான வீடுகளில் வலியின் கடுமையை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த அளவுகோல் ஏமாற்றும். புரண்டு துடிக்க வைக்கும் மாதவிடாய் வலி இரண்டு மூன்று நாளில் தானே அடங்கிவிடும். கருக்குழாயில் தங்கிய கர்ப்பமோ தொடக்கத்தில் லேசான இழுப்பாகத்தான் தெரியும், பிறகு குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். கடைசி மாதவிடாய் எப்போது, வலி எப்படித் தொடங்கியது, கூட என்ன சேர்ந்து வருகிறது என்ற மூன்றையும்தான் முதலில் கேட்க வேண்டும்.

மாதவிடாய் வலியா, கருக்குழாய் கர்ப்பமா

மாதவிடாய் வலி, உதிரம் பட ஆரம்பிக்கும் அன்றோ முந்தின நாளோ வரும். நடுவில் பிடித்து இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும். மாதாமாதம் ஒரே சாயலில் இருக்கும், வெந்நீர்ப் பைக்கும் மாத்திரைக்கும் கேட்கும். இப்படி இருந்தால் வீட்டில் இருக்கலாம்.

கருக்குழாய் கர்ப்பம் பெரும்பாலும் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 6 முதல் 8 வாரத்துக்குள் வலி காட்டும். நாள் தள்ளிப்போயிருக்கும். அல்லது “இந்த முறை கொஞ்சமாகத்தான் பட்டது” என்பார்கள். அந்தக் கொஞ்சத்தை மாதவிடாய் என்று கணக்கில் எடுத்துக்கொள்வதால்தான் பலர் தாமதிக்கிறார்கள். வலி அநேகமாக ஒரு பக்கம் இருக்கும். எழுந்து நின்றால் கண் இருட்டும். மலம் கழிக்க முட்டுவது போலத் தோன்றும். தோள்பட்டை நுனி வலித்தால் அது பெரிய எச்சரிக்கை: வயிற்றில் தேங்கும் ரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்துகிறது, அந்த நரம்பின் வலி தோளில் தெரிகிறது.

கர்ப்பம் பார்க்கும் கார்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சொன்ன அளவு சிறுநீர் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். கார்டு பாசிட்டிவ், கூடவே வலி என்றால், கர்ப்பப்பைக்குள்தான் கரு இருக்கிறது என்று ஸ்கேனில் தெரியும் வரை அதை அவசர நிலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் நிறையக் குடித்திருந்தால் கார்டு நெகட்டிவ் காட்டக்கூடும். ஆகவே மயக்கம் வருகிறவரைக் கார்டுக்காகக் காக்க வைக்காதீர்கள்.

“குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது, காப்பர்-டி இருக்கிறது” என்று கர்ப்பத்தை ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பிறகு கர்ப்பம் தங்குவது அரிது, ஆனால் தங்கினால் குழாயில் தங்கும் வாய்ப்பு கூடுதல். இன்னொன்று இதைவிட ஆபத்தானது. ஸ்கேன் பார்க்காமல் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டவர்கள் ரத்தம் படும்போது “கலைந்துவிட்டது” என்று நினைப்பார்கள். குழாயில் இருக்கும் கரு அந்த மாத்திரைக்குக் கலையாது.

வாயுப் பிடிப்பா, சினைப்பை முறுக்கமா

வாயு வலி இடம் மாறும், காற்று பிரிந்தால் குறையும். சினைப்பை முறுக்கிக்கொண்டால் ஒரே பக்கம், சட்டென்று, கூடவே வாந்தி. 5 சென்டிமீட்டருக்கு மேல் நீர்க்கட்டி இருப்பவர்களுக்கும், குழந்தைக்காக ஊசி போட்டுச் சினைப்பை வீங்கியிருப்பவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். வயதுக்கு வராத சிறுமிக்கும் வரலாம். முறுக்கு தளர்ந்தால் வலி நிற்கும், மறுபடி இறுகினால் திரும்பும். நின்றதை நம்பிக் காலை வரை காத்திருந்தால் ரத்த ஓட்டம் இல்லாமல் சினைப்பையை இழக்க நேரலாம். சில மணி நேரத்துக்குள் லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியே செய்யும் ஆபரேஷனில்) முறுக்கைப் பிரித்துவிட்டால், கறுத்துப்போன சினைப்பையைக்கூடப் பெரும்பாலும் காப்பாற்றலாம். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்பதால் முறுக்கம் இல்லை என்றாகாது. அறிகுறிகள் பொருந்தினால் மகப்பேறு சர்ஜன் பார்த்தே ஆக வேண்டும்.

நீர்க்கட்டி உடைந்தாலும் வலி இப்படித்தான் சட்டென்று வரும், பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளே ரத்தம் நிற்காமல் போகும் ஆபத்து அதிகம், அவர்கள் காத்திருக்கக் கூடாது.

மற்றவை சுருக்கமாக. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது கீழ்ப்பக்கம் போய் நின்று, இருமினால் குத்தினால் அது குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீக்கமாக இருக்கலாம். அன்றைக்கே சர்ஜன், பேதி மருந்து கூடவே கூடாது. நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோடு இரு பக்கமும் வலித்தால் இடுப்புக்குழித் தொற்று. அன்றே டாக்டர், குளிர் காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் எமர்ஜென்சி. சிறுநீர் எரிச்சல் மட்டும் என்றால் காலையில் போகலாம். விலாவிலிருந்து தொடைச் சந்துக்கு இறங்கும் சிறுநீரகக் கல் வலியோடு காய்ச்சலும் வந்தால் இரவே போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலும், உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-க்கு மேல் ஓடினாலும் இரவே கிளம்புங்கள். இளம்பெண்களுக்கு நிறைய ரத்தம் போகும் வரை பிரஷர் சரியாகவே இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

எங்கே போவது

ஸ்கேன் சென்டர் படம் எடுக்கும், வைத்தியம் பார்க்காது. சிறிய கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பினால் வலி மறையும், காரணம் அப்படியே இருக்கும். தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி மூன்றும் இரவிலும் இயங்கும் இடம்தான் வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள சீமாங் மையங்கள் (பிரசவ, பச்சிளங்குழந்தை அவசர சிகிச்சை மையங்கள்) 24 மணி நேரமும் திறந்திருக்கும். தலைசுற்றுகிறவரை டூவீலரில் பின்னால் உட்கார வைக்காதீர்கள், வழியில் மயங்கி விழுவார். 108-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.

ஆபரேஷன் தேவைப்படலாம், ஆகவே கிளம்பும் முன் எதுவும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். பழைய ஸ்கேன் ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகள், கடைசி மாதவிடாய்த் தேதி கையில் இருக்கட்டும். கல்யாணமாகாத பெண் என்றால் டாக்டர் அவளிடம் தனியாகப் பேச இடம் கொடுங்கள். கர்ப்பச் சோதனை பிரஷர் பார்ப்பது போல வழக்கமான ஒன்று, அதை அவமானமாக எடுத்துக்கொண்டு மறுத்தால் போவது அவள் உயிர். கருக்குழாய் கர்ப்பம் என்று உறுதியாகி, ரத்த வகை நெகட்டிவாகவும் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (அடுத்த கர்ப்பத்தில் குழந்தையைக் காக்கப் போடுவது) வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்புங்கள்.