இருவர் பயணத்துக்கு எது தோது: செஸ்னா 182-ஆ, மூனி 201-ஆ?

அமெரிக்காவில் கணவனும் மனைவியுமாக ஊர்விட்டு ஊர் பறக்கப் பழைய விமானம் தேடுபவர்கள் முன்னால் அடிக்கடி எதிரெதிரே வந்து நிற்பவை இரண்டு. ஒன்று, 1979, 1980-ல் வந்த செஸ்னா 182க்யூ. மற்றது, 1977-ல் சந்தைக்கு வந்த மூனி எம்20ஜே. மூனிக்கு '201' என்ற பெயர் வந்ததே மணிக்கு 201 மைல் என்ற உச்ச வேகத்தால்தான். அந்த எண்ணைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் பக்கத்து இருக்கையில் வருபவர் இரண்டாம் முறையும் மனமுவந்து ஏறுவாரா என்பதை அந்த எண் சொல்லாது.

வேகத்தையே முதலில் கணக்குப் போட்டுவிடலாம். டாலஸ் அருகேயுள்ள அடிசனிலிருந்து டென்வரின் சென்டென்னியல் விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 550 கடல் மைல். 182 சுமார் 135 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில், மணிக்கு 13 காலன் குடித்து, நாலு மணி நேரத்தில் போய்ச் சேரும். 201-க்கு 155 நாட், 10 காலன், மூன்றரை மணி நேரம். ஆக அரை மணி நேரம்தான் வித்தியாசம். எதிர்க்காற்று 20 நாட் அடித்தால் அதுவே முக்கால் மணி நேரத்தை நெருங்கும்; மெதுவான விமானத்தைத்தான் எதிர்க்காற்று அதிகம் வாட்டும். ஆனாலும் உண்மையான லாபமோ நஷ்டமோ இடைநிறுத்தத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை மணி நேரத்தில் கழிவறை தேவைப்படும். காற்றில்லாத நாளில் 201 நிற்காமல் போய்விடலாம். 182 எங்காவது இறங்கும், இறங்கினால் முக்கால் மணி நேரம் போகும். எதிர்க்காற்று அடித்தால் இரண்டுமே இறங்க வேண்டியதுதான். உங்கள் வழக்கமான பயணம் 300 மைலுக்குள் என்றால், வேகத்துக்காக 201 வாங்குவதில் அர்த்தமில்லை.

எடையில் 182 வெகுதூரம் முந்தும் என்று பலரும் நினைக்கிறார்கள். கருவிகளோடு சேர்த்து வெற்று எடை 1,800 பவுண்டு என்று வையுங்கள். உச்ச எடை 2,950. ஆக 1,150 பவுண்டு ஏற்றலாம். 88 காலன் எரிபொருளை நிரப்பினால் அதுவே 528 பவுண்டு, மிச்சம் 622. 201-ல் வெற்று எடை 1,780, உச்ச எடை 2,740, டேங்க் கொள்ளளவு 64 காலன். நிரப்பியபின் மிச்சம் 576. குறைவாகக் குடிக்கும் இன்ஜின், எடையையும் மிச்சம் பிடித்துத் தருகிறது. இரண்டு பேர், இரண்டு பெட்டி என்றால் இரண்டும் தாங்கும். வாங்கப்போகும் விமானத்தின் எடைச்சான்றை மட்டும் கையில் வாங்கிப் பாருங்கள்; கையேட்டில் அச்சான வெற்று எடையை நம்பாதீர்கள்.

இனி கேபின். மூனி குறுகலானது என்ற பேச்சு பாதிதான் உண்மை: அகலம் 43.5 அங்குலம், 182-ஐவிட ஒன்றரை அங்குலம் கூடுதல். உயரம்தான் குறைவு. தரையோடு ஒட்டிய இருக்கையில் காலை நீட்டி உட்கார வேண்டும். கதவு வலப்பக்கம் ஒன்றே ஒன்று. இறக்கை மேல் ஏறி, ஓட்டுபவர் முதலில் குனிந்து உள்ளே நகர, துணை பின்னால் வந்து கதவைச் சாத்த வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு இது தண்டனை. 182-ல் இருபுறமும் கதவு. ஆளுக்கொரு பக்கம் காரில் ஏறுவதுபோல் ஏறலாம். மழையில் இறக்கையே குடை, வெயிலில் அதுவே நிழல், கீழே பார்த்தால் ஊர் தெரியும். பறக்கப் பயப்படும் துணை என்றால் இந்த மூன்றும் 20 நாட் வேகத்தைவிடப் பெரிது என்பது என் கருத்து. விலை பேசும் முன், துணையை இரண்டு விமானத்திலும் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

கோடை மதியம் எரிபொருள் போட இறங்கும்போது ஒரு சிக்கல் வரும். 201-ன் இன்ஜின் இன்ஜெக்‌ஷன் வகை. சூடாக நிறுத்தினால், சிலிண்டருக்கு எரிபொருளைப் பீய்ச்சும் குழாய்களில் எரிபொருள் ஆவியாகி, மறுபடி கிளப்புவது தகராறு செய்யும். மிக்ஸ்சரை (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் பிடியை) முழுக்க மூடி, த்ராட்டிலை (சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) கொஞ்சம் திறந்து சுழற்றி, இன்ஜின் பிடித்ததும் மிக்ஸ்சரை முன்னே தள்ள வேண்டும். பழகும்வரை துணை வியர்வையில் குளித்துக்கொண்டிருப்பார். 182-க்கு இந்தத் தொல்லை குறைவு. அதற்குப் பதிலாகக் கார்புரேட்டரில் பனி பிடிக்கும். ஈரக் காற்றில் இன்ஜின் சக்தியைக் குறைத்து இறங்கும்போது, கார்புரேட்டர் சூடேற்றியின் பிடியை முன்கூட்டியே இழுத்துவிட வேண்டும். அதற்கென வெப்பமானி இருந்தால் நல்லது.

இறங்குவதில் இரண்டுக்கும் நேரெதிர்ச் சுபாவம். மூனியில் ஓடுதளத்தை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் 70 நாட்டுக்கு மேல் எவ்வளவு வைத்திருந்தாலும் ஓடுதளத்தின் மேல் மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்து தரையில் அழுத்தினால் துள்ளும், மூன்றாவது துள்ளலில் புரொபெல்லர் தரையில் படும். 182-ல் முன்னால் இரண்டு பேர், பின்னால் யாருமில்லை என்றால் மூக்கு கனக்கும். மூக்கைத் தூக்கிப் பிடிக்க உதவும் டிரிம் போட்டு, ஸ்டியரிங்கை நன்றாக இழுக்காவிட்டால் முன்சக்கரம் முதலில் மோதும். பெட்டிகளை எடை வரம்புக்குள் பின்கட்டில் வைத்தாலே பாதி குணமாகும். சென்டென்னியல் 5,885 அடி உயரத்தில் இருக்கிறது. 32 டிகிரி வெயிலில் காற்று மெலிந்துவிடுவதால், விமானத்துக்கு அது 9,000 அடிக்கு மேலிருப்பதுபோல் இருக்கும். மலைப்பகுதியும் மண் ஓடுதளமும் உங்கள் வழியில் உண்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், 182.

உரிமத்தில் ஒரு வேடிக்கை. 200 குதிரைத்திறனைத் தாண்டினால் அமெரிக்க விதிப்படி தனி ஒப்புதல் வேண்டும். 230 கொண்ட 182-க்கு அது தேவை, சரியாக 200-ல் நிற்கும் 201-க்குத் தேவையில்லை. ஆனால் சக்கரம் மடங்குவதால் 201-க்கு வேறொரு ஒப்புதல் வேண்டும். காப்பீட்டிலும் மடங்கும் சக்கரத்துக்குத்தான் கெடுபிடி அதிகம்.

வேறு விமானங்களும் உண்டு. பொனான்சா ஏ36 இந்த இரண்டையும்விடச் சுகமானது, வேகமானது. மணிக்கு 14 காலனுக்கு மேல் குடிக்கும், பராமரிப்பும் அதற்கேற்ற மாதிரி. சிரஸ் எஸ்ஆர்22 வாங்கப் பலருக்கும் காரணம், விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட். ஓட்டுபவர் மயங்கினால் துணை கைப்பிடியை இழுத்தால் போதும். அந்த நிம்மதி வேண்டுமென்றால் நியாயமான தேர்வுதான். பத்தாண்டுக்கு ஒருமுறை பாராசூட்டை மாற்றும் பெரிய செலவை மட்டும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பரிசோதனைக்கு வருவோம். 182-ல் பெடல்களுக்கு முன்னால் தரைவிரிப்பைத் தூக்கி, டார்ச் அடித்து, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். தகடு அலை அலையாக நெளிந்திருந்தால் மூக்கு ஒருமுறை பலமாக மோதியிருக்கிறது. இருக்கைத் தண்டவாளத்தின் ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் மேலெழும்பும்போது இருக்கை பின்னால் வழுக்கும். அது உயிர்ப் பிரச்சினை.

மூனியில் இறக்கைக்கு அடியில் நீலக் கறையைத் தேடுங்கள். விமான எரிபொருளின் நீலச் சாயம் அது. டேங்க் கசிகிறது, முழுக்க மறுபூச்சு செய்யப் பல ஆயிரம் டாலர் ஆகும். பக்கவாட்டு உள்பலகையைக் கழற்றி, ஜன்னல் கசிவால் எஃகுக் குழாய்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரச் சட்டத்தில் பள்ளம் இருந்தால், இழுவை வண்டிக்காரர் எல்லை மீறித் திருப்பியிருக்கிறார். கடைசியாக, பறந்த நேரமும் பராமரிப்பும் பதிவாகும் லாக் புத்தகம். 201-ல் உள்ள லைகமிங் இன்ஜினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு மேலே இருப்பதால், பறக்காமல் கிடந்தால் எண்ணெய் வடிந்து துருப்பிடிக்கும். கடந்த ஐந்து வருடங்களில் ஆண்டுக்கு எத்தனை மணி பறந்தது என்று கூட்டிப் பாருங்கள். இருபது மணிக்கும் கீழே என்றால், சிலிண்டர் ஒன்றைக் கழற்றிக் கேம்ஷாஃப்டைப் பார்க்க விற்பவர் சம்மதிக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.