லட்சத்தீவு: கப்பலில் மூன்று தீவுகளா, ஒரே தீவில் ஆறு நாட்களா?

லட்சத்தீவுக்கு விடுமுறையில் போக விரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது செலவையும் நாட்களையும்தான். அவற்றுக்கும் முன்னால் அந்த நிலத்தின் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. 36 தீவுகள் என்று சொல்லப்பட்டாலும், எல்லாவற்றையும் சேர்த்தால் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் வாழும் தீவுகள் பத்து. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. அங்கே ஆறும் இல்லை, மலையும் இல்லை. பவள மணலுக்கு அடியில், உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கும் மழைநீரே கிணற்றில் ஊறுகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு கரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே, அங்கே தீவு தீவாகச் சுற்றிவர இருக்கும் மூன்று வழிகளையும், நாம் எவ்வளவு தண்ணீரைச் செலவழிக்கிறோம், எதை விட்டுவிட்டு வருகிறோம், நம் பணம் யார் கைக்குப் போகிறது என்ற மூன்று கேள்விகளைக் கொண்டே அளந்து பார்க்கிறேன்.

முதலாவது, நெடுங்காலமாகப் பலருக்கும் அறிமுகமான கப்பல் சுற்றுலா. கொச்சியில் ஏறி, ஐந்து நாட்களில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்றையும் பார்த்துத் திரும்புவது இதன் வழக்கமான அமைப்பு. பகல் தீவில் கழியும். இரவில் கப்பலே விடுதி. பெரிய கப்பல்கள் தீவை ஒட்டிப் பவளத்திட்டுக்கு உள்ளே கிடக்கும் ஆழமற்ற களப்புக்குள் நுழைய முடியாது என்பதால் பல இடங்களில் நடுக்கடலிலேயே படகுக்கு மாற வேண்டும். கப்பலின் பக்கவாசல் திறந்திருக்க, கீழே படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அது மேலே எழும்பும் கணத்தில் படகுக்காரர்கள் இருவர் கைகளைப் பிடித்து உள்ளே இறக்கிக்கொள்வார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்க் கணக்கில் இந்த வழிக்கே முதலிடம் தருவேன். குளியல், கழிப்பறை, இரவு உணவு எல்லாம் கப்பலிலேயே முடிந்துவிடுவதால் தீவின் கிணறுகளுக்குச் சுமை மிகக் குறைவு. ஆனால் மற்ற இரண்டு கேள்விகளிலும் இது பின்தங்கிவிடுகிறது. ஒரே பகலில் பெருங்கூட்டம் ஒரு சிறு கடற்கரையில் இறங்குகிறது. எல்லோரும் அதே ஆழமற்ற களப்பில், அதே பவளத்திட்டின் மேல் நீந்தப் பழகுகிறார்கள். கால் ஊன்ற இடம் தேடுகிறவர் மிதிக்கும் உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கட்டணம் மொத்தமாக முன்பே செலுத்தப்பட்டுவிடுவதால், தீவின் குடும்பங்களுக்கு நேராகச் செல்லும் பணமும் சொற்பமே. இவற்றைவிட என் மனத்தை உறுத்துவது இன்னொன்று. தீவு மக்கள் மருத்துவத்துக்கும் மேற்படிப்புக்கும் கொச்சிக்கு வந்துபோவது பெரும்பாலும் கப்பல்களில்தான். சுற்றுலாவுக்கு ஒதுக்கப்படும் ஒவ்வொரு படுக்கையும், சிகிச்சை முடிந்து வீடு திரும்பக் காத்திருக்கும் ஒருவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது.

இரண்டாவது வழி, கொச்சியிலிருந்து சிறிய விமானத்தில் அகத்திக்குப் போய், அங்கிருந்து படகில் பங்காரம், தின்னக்கரை ஆகிய தீவுகளுக்குச் சென்று தங்குவது. வசதியில் இதற்கு இணையில்லை. மதுவிலக்கு உள்ள லட்சத்தீவில் விலக்கு பெற்ற இடம் என்று பெயர் பெற்றதும் பங்காரம்தான். ஆனால் நிலையான குடியிருப்பு இல்லாத தீவு என்பதாலேயே விருந்தினருக்கான அரிசி முதல் டீசல் வரை படகில் வந்தாக வேண்டும், குப்பையும் படகில் திரும்பியாக வேண்டும். இதே பவள வளையத்தைச் சேர்ந்த பரளி-1 என்ற தீவுத்துணுக்கு, 1968-இல் 0.032 சதுர கிலோமீட்டர் இருந்தது, அரிப்பினால் முழுவதும் மறைந்துவிட்டது என்று 2017-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அத்தகைய மணல்மேட்டில் கூடாரங்களும் குளிர்சாதனமும் பெருகுவதை என்னால் விருப்பத்தோடு பார்க்க முடியவில்லை.

மூன்றாவது, மக்கள் வாழும் ஒரு தீவைத் தேர்ந்தெடுத்து, ஐந்தாறு நாட்கள் அங்கேயே தங்கி, இடையில் ஒரே ஒரு முறை பக்கத்துத் தீவுக்குப் போய்வருவது. மினிக்காயை எடுத்துக்கொள்வோம். மற்ற தீவுகளில் மலையாளத்தோடு நெருங்கிய ஜெசரி பேசப்பட, இங்கே மாலத்தீவு மொழியின் உறவான மஹல் பேசப்படுகிறது. 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. நம் ஊர்க் கடைகளில் கல்லைப்போல் இறுகிக் கிடக்கும், சூரை மீனில் செய்த மாசிக் கருவாட்டுக்குப் பின்னால் உள்ள தொழிலை அங்கே அருகிலிருந்து பார்க்கலாம். களப்பில் சிறு மீன்களை உயிரோடு பிடித்து, படகின் தொட்டியில் கடல்நீர் ஓடும்படி வைத்துக்கொண்டு, சூரைக் கூட்டம் கண்ணில் பட்டதும் அவற்றை வாரி வீசி, தண்ணீரையும் தெளித்து, முள்ளில்லாத கொக்கி கட்டிய கம்பால் ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் போடுகிறார்கள். அந்த இரை மீன்களில் பல, கிளைப்பவளங்களுக்கு இடையே வாழ்பவை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் வெளுத்துச் சிதைந்த பவளத்தை நம் காலும் சேர்ந்து உடைத்தால், அதன் விளைவு அந்தப் படகின் தொட்டி வரை போய்ச் சேரும். ஒரு நாள் பயணியிடம் இதை யாரும் உட்கார்ந்து சொல்ல நேரமிருக்காது. அந்தத் தீவின் ஒரு வீட்டில் சாப்பிட்டு, அங்குள்ள ஒரு படகுக்காரரோடு இரண்டு மாலைகள் பேசினவருக்கு இது தானாகவே தெரியவரும்.

இந்த வழியின் பலவீனம் தண்ணீர்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. தங்குகிற ஒவ்வொருவரும் குளிக்கிறார், துணி துவைக்கிறார். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கவரத்தியில் 2005-இல் அமைத்த ஆலை, ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் கொண்டு மேற்பரப்பு நீரின் ஆவியைக் குடிநீராக்குகிறது. அளவு நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். மினிக்காயும் அகத்தியும் 2011-இல் அதே வகை ஆலைகளைப் பெற்றன. அவை ஊர் மக்களின் குடிநீருக்காக வந்தவை. ஆகவே வாளியில் மொண்டு குளிப்பதும், துணியை ஊர் திரும்பித் துவைத்துக்கொள்வதும் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் ஏற்க வேண்டிய நிபந்தனைகள் என்பேன்.

அவற்றை ஏற்பவருக்கு என் பரிந்துரை மூன்றாவது வழியே. முதியவர்களோடு போகிறவர்கள், படகு மாற முடியுமானால், இரவைக் கப்பலில் கழிக்கும் முதல் வழியைத் தயங்காமல் எடுக்கலாம். இரண்டாவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

எந்த வழியானாலும் இந்தியருக்கும் நுழைவு அனுமதி வேண்டும். அதில் போகவிருக்கும் தீவுகளின் பெயர்கள் குறிக்கப்படும் என்பதால், அங்கே போனபின் மனம் மாறி வேறு தீவுக்குத் தாவ முடியாது. மே நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும்; அதைத் தவிர்த்துவிடுங்கள். பவளத்துண்டு எதையும் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கொண்டுபோன பிளாஸ்டிக் பாட்டிலையும் பேட்டரியையும் ஒரு துணிப்பையில் கட்டி, கொச்சிக்கே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.