எபாக்சிக்குப் பணம் வாங்கி ஏமாற்றிவிட்டார்: ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன்பு கரை திரும்பும்போது அலை தூக்கியடித்து, படகு தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் கல் தடுப்பு) கல்லில் மோதியது. அணியத்துக்கு (படகின் முன்பகுதி) கீழே இரண்டு சாண் நீளத்துக்கு விரிசல்.

பழுது பார்க்க வந்தவர், "அண்ணே, எபாக்சி போட்டுவிடுகிறேன், பத்து வருடத்துக்கு அசையாது" என்றார். எபாக்சி என்பது ஹார்ட்னர் கலந்தால் இறுகும் ஒட்டுப் பிசின். அதன் விலை அதிகம் என்று சொல்லி 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் வந்தார், மாலைக்குள் முடித்துவிட்டார். விரிசலுக்குள் இருந்த உப்புத் தண்ணீர் அப்போது காய்ந்துகூட இருக்காது. நல்ல தண்ணீரில் கழுவி, நாள் கணக்கில் உலரவிட்ட பிறகுதான் அந்த இடத்தில் கை வைத்திருக்க வேண்டும்.

பதினைந்தாம் நாள், கரையிலிருந்து ஆறு கடல்மைல் தொலைவில் ஒட்டு பெயர்ந்தது. ஒருவர் இஞ்சினைப் பிடிக்க, நாங்கள் இருவர் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்து சேர்ந்தோம். என் மகனும் அன்று படகில் இருந்தான். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

பெயர்ந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வழவழவென்று இருந்தது. என் படகின் நீலப் பெயின்ட் அப்படியே அதில் ஒட்டியிருந்தது. கிரைண்டரே வைக்காமல் பெயின்டின் மேலேயே மேட்டை (கண்ணாடியிழை விரிப்பு) ஒட்டியிருக்கிறார். விரிசலின் இருபுறமும் படகுச் சுவரின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் சுவருக்கு ஒரு பக்கம் ஏழு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதில் ஒரே ஒரு மேட், அதற்கு மேல் கனமாகப் பட்டி, அதை மறைக்கப் பெயின்ட்.

போட்டதும் எபாக்சி அல்ல. வேலை நடந்தபோதே மூக்கைத் துளைக்கும் நெடி வந்தது. அது பாலியஸ்டர் ரெசினின் (இன்னொரு வகைப் பிசின்) நெடி. சின்ன பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக எதையோ ஊற்றிக் கலக்கினார். பாலியஸ்டருக்குத்தான் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற கணக்கில், அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் சேர்ப்பார்கள். எபாக்சியின் ஹார்ட்னரைச் சொட்டுக் கணக்கில் விட முடியாது. டின்னில் போட்டிருக்கும் விகிதப்படி, இரண்டுக்கு ஒன்றோ ஐந்துக்கு ஒன்றோ, அளந்துதான் ஊற்ற வேண்டும். நான் பக்கத்திலேயே நின்றேன், கேட்கவில்லை.

பாலியஸ்டர் மட்டமான பொருள் என்று சொல்ல வரவில்லை. இங்குள்ள ஃபைபர் படகுகள் பெரும்பாலும் அதில் வார்த்தவைதான். ஆனால் இறுகிப்போன பழைய சுவரில் எபாக்சி பிடிக்கும் அளவுக்கு அது பிடிக்காது. அதற்காகத்தானே கூடுதல் பணம் கொடுத்தேன்!

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "நீங்கள் மறுபடியும் கல்லில் இடித்திருப்பீர்கள்" என்கிறார். இதே கரையில் இன்னமும் வேலை செய்துகொண்டிருக்கிறார். டின்னைப் பிரிக்கும்போது உடன் இருங்கள். தேய்த்து முடித்ததும் உங்கள் கண்ணால் பார்த்த பிறகே மேட் வைக்க விடுங்கள். காய்ந்த பின் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே பிடிக்கவில்லை.

அந்தத் துண்டை வலைக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். படகைப் பழுதுக்குக் கொடுக்கப்போகிறவர்கள் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம்.