சனிக்கிழமை டிஸ்க்: ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் நாலு வருஷ பேக்கப் அனுபவம்

2021 ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கடை ஷட்டரைத் தூக்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. பில் போடும் பெண், "சார், டேலியில நம்ம கம்பெனியே காட்டல" என்றார். டேலிதான் நாங்கள் பில்லும் கணக்கும் போடும் சாப்ட்வேர். போய்ப் பார்த்தால் எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் ஏதோ ஒரு வால் முளைத்திருந்தது. டெஸ்க்டாப்பில் ஒரு கடிதம்: பூட்டிவிட்டோம், பிட்காயின் அனுப்பினால் சாவி தருகிறோம் என்று. பேக்கப்புக்கென்றே வாங்கிய ஹார்ட் டிஸ்க் வருஷக்கணக்காகச் சர்வரிலேயே செருகிக் கிடந்தது. அதைத் திறந்தால் அங்கேயும் அதே வால்.

குற்றவாளியைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. லாக்டவுனில் வீட்டிலிருந்தே டேலி பார்க்க வேண்டும் என்று நச்சரித்தது நான்தான். சர்வீஸ் தம்பி ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டார். வேறிடத்திலிருந்து கணினியை இயக்க உதவும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வழி அது. திறந்திருக்கும் அந்தக் கதவைத் தேடிக்கொண்டு இணையம் முழுக்க ராப்பகலாகப் புரோகிராம்கள் ஓடுகின்றன. கிடைத்துவிட்டால் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். எங்கள் பாஸ்வேர்ட் கடைப் பெயரோடு 123. ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள். சனி ராத்திரி நுழைந்தவர்களுக்கு ஞாயிறு முழுக்க ஆளில்லாத கடை.

பணம் கட்டவில்லை. வீரமெல்லாம் இல்லை, கட்டினால் சாவி வரும் என்பதற்கு யார் ஜாமீன்? ஆன்லைனில் சைபர் கிரைம் புகார் ஒன்று போட்டுவிட்டுக் கணக்கை மறுபடி எழுத உட்கார்ந்தோம். மார்ச் வரைக்கும் ஆடிட்டரிடம் இருந்தது. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை நாங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கை ஜிஎஸ்டி போர்ட்டலிலிருந்து இறக்கினோம், கொள்முதலுக்கு ஜிஎஸ்டிஆர்-2பி. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற வியாபாரிக்குப் போட்ட பில்லின் நம்பர், தேதி, தொகை எல்லாம் போர்ட்டலில் கிடைக்கும். ஆனால் எந்தச் சரக்கு எத்தனை போனது என்பது பில்வாரியாக இருக்காது. சில்லறை விற்பனையோ மொத்தத் தொகையாகத்தான் நிற்கும். ஆகவே ஸ்டாக்கைக் கையால்தான் எண்ணினோம். பிரேக் ஷூ, பேரிங், ஆயில் சீல் என்று ரேக் ரேக்காக. 19 நாள் ஆனது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு சர்வருக்குக் கொஞ்சம் தாராளமாகவே சந்தனம் வைத்தேன்.

அதற்குப் பிறகு அமைத்ததைத்தான் நாலு வருஷமாகப் பயன்படுத்துகிறேன். போர்ட்டை மூடியாச்சு, வெளியிலிருந்து வருவதென்றால் விபிஎன் என்ற பூட்டிய தனிவழியாகத்தான். பில் போடும் கணினிகளில் யாருக்கும் அட்மின் உரிமை கிடையாது, எனக்கும்தான். நெட்வொர்க்கில் இணைத்து ஃபைல்களைச் சேமிக்கும் என்ஏஎஸ் பெட்டி ஒன்று, இரண்டு டிஸ்க் போட்டது, 40 ஆயிரத்தை ஒட்டி வந்தது. அது மணிக்கொரு தரம் ஸ்னாப்ஷாட் எடுக்கும், அதாவது அந்த நேரத்து ஃபைல்களின் நிலையைப் பதிந்து வைக்கும். பில்லிங் கணினியிலிருந்து அதை அழிக்க முடியாது. தினமும் ராத்திரி கிளவுடுக்கு ஒரு நகல், பழைய பதிப்புகளோடு. இதெல்லாம் காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் போட்டுத் தருவார்கள்.

என் ஓட்டு இவை எதற்கும் இல்லை, இரண்டு சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க்குகளுக்குத்தான். ஒன்றில் சிவப்பு டேப், ஒன்றில் நீலம். சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றில் பேக்கப் ஏற்றி, வயரைப் பிடுங்கி, அப்பாவிடம் கொடுப்பேன். அவர் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பட்டரவாக்கத்தில் ரயிலேறி பெரம்பூர் வீட்டு பீரோவுக்குக் கொண்டுபோவார். அடுத்த சனிக்கிழமை மற்றது. "அந்தக் காலத்துல பேரேட்டை இரும்புப் பெட்டியில பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுப் போவோம். இதுவும் அதுதானடா" என்பார். வயரில்லாத டிஸ்க்கை எந்த ஹேக்கரும் தொட முடியாது.

டிஸ்க் ரயிலில் தொலைந்தால்? அப்போது வாடிக்கையாளர் பட்டியல், கொள்முதல் விலை, ஊழியர்களின் ஆதார் நகல் எல்லாம் ஊர் சொத்து. அதற்காக டிஸ்க்கைப் பாஸ்வேர்டால் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டேன். விண்டோஸ் ஹோமில் அது வராது, புரோ வாங்க வேண்டியிருந்தது. மூன்றாம் மாசம் சோதனைக்காக வேறொரு லேப்டாப்பில் சிவப்பு டிஸ்க்கைத் திறக்கப் போனால் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. 48 இலக்க மீட்புச் சாவி இருக்கிறதே என்று பார்த்தால், அதைச் சேமித்திருந்த இடம் சர்வர். சர்வர் போனால் திறப்பதற்கான டிஸ்க்குக்கு, சாவி சர்வருக்குள்! யாரிடமும் சொல்லாமல் அச்சடித்து பீரோவில் வைத்தேன். மூன்று மாசத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்துதான்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எஸ்டேட் முழுக்கத் தண்ணீர். என்ஏஎஸ் பெட்டியை மேஜைக்கடியில், தரையில் வைத்திருந்தேன் (திருடன் கண்ணில் படக்கூடாதாம், என் புத்திசாலித்தனம்). அதுவும் சர்வரும் சேர்ந்து முழுகின. கிளவுடில் எல்லாம் பத்திரமாக இருந்தது, ஆனால் பிராட்பேண்ட் செத்துக் கிடந்தது. டிசம்பர் 2 சனிக்கிழமை அப்பா எடுத்துப்போன நீல டிஸ்க் மூன்றாம் மாடி பீரோவில் காய்ந்த நிலையில் இருந்தது. ஞாயிறு கடை லீவு. ஒரு பில்கூடத் தொலையவில்லை. கடையில் சேறு வாரிக்கொண்டிருந்தபோதே வீட்டு லேப்டாப்பில் டேலி திறந்துவிட்டது.

கசிவு விஷயத்தில் இவ்வளவு திருப்தி இல்லை. வேலையை விட்டுப்போன ஒரு பையன் எங்கள் விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோனான். ஹேக்கிங்கே இல்லை, நாங்களே குரூப்பில் போட்டதுதான். இப்போது ஆளுக்கொரு லாகின், பில் போடுபவர்களுக்குக் கொள்முதல் விலை தெரியாது. இருந்தாலும் திரையைப் போட்டோ எடுத்தால் என்ன செய்வீர்கள்? ஊழியர்களின் ஆதார் நகல்களில் தேவையில்லாததைக் கிழித்துப் போட்டோம். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்ச அபராதம் 250 கோடி என்று ஆடிட்டர் சொன்னதும் அப்பா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மெயிலில் பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் குறியீடும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டது நல்லது. ஆனால் என் போன் உடைந்த அன்று அரைநாள் நானே உள்ளே போக முடியவில்லை. போன் இல்லாதபோது உள்ளே போக உதவும் மாற்றுக் குறியீடுகளும் இப்போது பீரோவில்தான். சப்ளையர் பேரில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஒரு மெயில் வந்தபோது இந்தச் சரிபார்ப்பு உதவவில்லை. பழைய நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டதுதான் உதவியது. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும் என்று அந்த நம்பரைக் காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. எங்கள் பழைய கணினி ஒன்றில் 11 ஏறவில்லை. நெட் வயரைப் பிடுங்கிவிட்டு லேபிள் அடிக்க மட்டும் வைத்திருக்கிறேன். நீல டிஸ்க் போன மாசத்திலிருந்து 'டக் டக்' என்று சத்தம் போடுகிறது. சனிக்கிழமைக்குள் புது டிஸ்க் வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போய்விட்டு வரவேண்டும். டேப் என்ன கலர் என்று அப்பா இப்போதே கேட்கிறார்.