வண்டலூரா, கிண்டியா, முதலைப் பண்ணையா? சின்னப் பிள்ளைகளோடு போக எது சரி

பிள்ளைக்கு மிருகம் காட்ட வேண்டும் என்று சென்னையில் ஒரு வீட்டில் பேச்செடுத்தால் மூன்று பெயர்கள் வரும். வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. பெரும்பாலும் வண்டலூர்தான் ஜெயிக்கும். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற கணக்கு. நாலு வயதுகூட ஆகாத பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட வேண்டாம் என்பது என் கட்சி. அந்த வயதில் பிள்ளை எவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறது, மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் வீடு திரும்ப முடிகிறதா, இந்த இரண்டும்தான் முக்கியம்.

வண்டலூரின் பெருமையில் குறையே இல்லை. 1855இல் சென்னை நகருக்குள் தொடங்கிய பழைய மிருகக்காட்சி சாலைதான் 1985இல் இங்கே இடம் மாறியது. பரப்பு சுமார் 600 ஹெக்டேர். பெரிய விலங்குகளைக் கம்பிக் கூண்டில் அடைக்காமல், அகழி வெட்டித் திறந்த வெளியில் விட்டிருக்கிறார்கள். விலங்குக்கு அது நல்லது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை அங்கே நின்றால் என்ன நடக்கிறது? புலி அகழிக்கு அந்தப் பக்கம், புதர் நிழலில் படுத்திருக்கும். "அதோ பாரு, அந்த மரத்துக்குக் கீழே!" என்று அப்பா கையை நீட்டிக்கொண்டே இருப்பார். பிள்ளை காலடியில் ஓடும் அணிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடுப்பிலும் தூக்கிக் காட்டி, இறக்கி, மறுபடி தூக்கி, நாலாவது இடம் வருவதற்குள் பெரியவர்களுக்கே போதும் போதும் என்றாகிவிடும்.

பேட்டரி கார் நடையை மிச்சப்படுத்தும், உண்மைதான். ஆனால் அது தன் நேரத்துக்குப் போகும் வண்டி. நீர்யானை எப்போது தலையைத் தூக்கும் என்று பிள்ளை ஆசையாகக் காத்திருக்கும்போது வண்டி கிளம்பிவிடும். ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு குறையே இல்லை. தூரத்தில் இருப்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதே அந்த வயதில் விளையாட்டு. பள்ளியில் படித்த பெயரைப் பலகையில் வாசிக்கும், சிங்கம் பார்க்க வேனில் போக வேண்டும் என்று அடம் பிடிக்கும். அந்த வயதுக்கு வண்டலூரை அடித்துக்கொள்ள வேறு இடம் கிடையாது. காலையில் திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் பாதி விலங்குகள் படுத்துவிடும். காரைவிட மின்சார ரயிலில் வண்டலூர் வரை போவதை நான் சொல்வேன், ஜன்னலோரம் கிடைத்தால் பிள்ளைக்குச் சுற்றுலா அங்கேயே தொடங்கிவிடும். காணும் பொங்கலன்று மட்டும் கைக்குழந்தையோடு அந்தப் பக்கம் வேண்டாம். கூட்டத்தில் தொலைந்தால் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடும் அளவுக்கு நெரிசல் இருக்கும்.

கிண்டி இதற்கு நேர் எதிர். ஊருக்கு நடுவில் சுமார் 270 ஹெக்டேரில் ஒரு தேசியப் பூங்கா, அதன் ஓரத்தில் சிறுவர் பூங்கா. புதுப்பித்து 2024இல் திறந்தார்கள். சிங்கம், புலி தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் மான்கள், பறவைகள் எல்லாம் பிள்ளையின் கண் மட்டத்திலேயே தெரியும், தூக்கிக் காட்ட வேண்டியதில்லை. இரண்டரை மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்து, நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் ஊட்டி, தூக்கம் சொக்குவதற்குள் ஆட்டோ பிடித்துவிடலாம். பக்கத்திலேயே பாம்புப் பண்ணை, அதற்குத் தனி டிக்கெட். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாம்பு நகர்வதைப் பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்க்கும். குரங்குகள் மட்டும் கவனம், கையில் பிஸ்கட்டோடு பிள்ளையை நடக்க விடாதீர்கள்.

முதலைப் பண்ணையைத்தான் நம் வீடுகளில் யாரும் முதலில் நினைப்பதில்லை. எனக்கு அது வருத்தம். கிண்டிப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர்தான் 1976இல் இதையும் தொடங்கினார், அருகிவந்த முதலைகளை இனப்பெருக்கம் செய்து காப்பாற்றுவதற்காக. தடுப்புக்குச் சற்று அப்பால் முதலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். வாயைத் திறந்தபடி அசையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு "பொம்மையா அம்மா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கேதான் அவசரப்படாமல் நிற்க வேண்டும். அது வெயில் காய்கிறது, உடம்புச் சூட்டைத் தணிக்க வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். கண்ணை ஒரு தடவை மூடித் திறக்கும். அவ்வளவுதான், பிள்ளை துள்ளும்! நீளமான ஒல்லி மூக்கோடு ‘கரியால்’ என்ற முதலை வகை இருக்கிறது, பிள்ளையைவிடக் கனமான பெரிய ஆமைகளும் இருக்கின்றன. இடம் சின்னது, கால் வலிக்காது.

அசையவில்லையே என்று சில பெரியவர்கள் முதலைமேல் கல் எறிகிறார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். தயவுசெய்து வேண்டாம். யாராவது எறிந்தால் தடுத்துச் சொல்லவும் தயங்க வேண்டாம்.

முதலைப் பண்ணையின் சங்கடம் தூரம்தான். மாமல்லபுரம் போகும் பேருந்துகள் அந்த வழியாகத்தான் போகும், ஆனால் கைக்குழந்தை, பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்தால் கார் இருப்பவர்களுக்குத்தான் வசதி. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று அப்படியே மாமல்லபுரத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். ஐந்து வயதுக்குள் என்றால் அதை விட்டுவிடுங்கள். நண்பகல் வெயிலில் பாறைமேல் நடந்த பிள்ளைக்குக் காலையில் பார்த்த முதலைகூட நினைவில் நிற்காது.

வீட்டில் இரண்டும் ஏழுமாக இரண்டு பிள்ளைகள் இருந்தால்? பெரியதை அப்பாவோ தாத்தாவோ வண்டலூர் கூட்டிப் போகட்டும், சின்னது அம்மாவோடு கிண்டிக்குப் போகட்டும் என்று பிரிப்பது பலருக்கும் பிடிப்பதில்லை, குடும்பமாகப் போவதுதான் அழகு என்பார்கள். அப்படியானால் முதலைப் பண்ணைதான் என் தேர்வு. பெரியது பலகைகளைப் படித்துப் படித்துச் சொல்லும், சின்னது ஆமை முன்னால் நிற்கும், இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் இருப்பார்கள். வார நாளில் போவதாக இருந்தால் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, வண்டலூருக்கும் கிண்டிக்கும் செவ்வாய்.