பேட்டரி சுடுதா? மதுரை சிம்மக்கல் பக்கம் இந்த எலக்ட்ரீஷியன் கடைக்குப் போங்க

பைக் பேட்டரி தொட்டா சுட்டுச்சு, சைடு லேசா உப்பி அழுகுன முட்டை வாடை வேற. வேற ஒரு கடைல மீட்டரே வைக்காம புதுசு மாத்துங்கன்னுட்டாய்ங்க. மாத்திருந்தா அதுவும் வெந்துருக்கும்.

சிம்மக்கல் பக்கம் சந்துக்குள்ள இருக்க இந்த அண்ணே முதல்ல மல்டிமீட்டரத்தான் எடுத்தாரு, வண்டி ஆஃப்ல இருக்கப்ப 12.6 பக்கம் இருந்தா பேட்டரி ஃபுல்லு, ஸ்டார்ட் பண்ணி முறுக்குனா 14, 14.5 வோல்ட்ல நிக்கணும் தம்பி, உனக்கு 16 தாண்டுது பாருன்னு காட்டுனாரு. ரெகுலேட்டர் (பேட்டரிக்குப் போற வோல்ட்ட அளவா வச்சுக்குற பார்ட்டு) எர்த் கனெக்‌ஷன் சரியில்லன்னாலும் இப்படி ஏறும்னு அத சுரண்டிட்டு திரும்ப பாத்தாரு, கொறையல, அப்புறந்தான் ரெகுலேட்டர் அவுட்டுன்னாரு. இன்ஜின் ஓடுறப்ப கரண்ட் தயாரிக்கிற ஸ்டேட்டர் காயிலோட கப்ளரக் கழட்டி மூணு வயர்லயும் ஏசி வோல்ட் ஒரே அளவு வருதா, பாடியோட ஷார்ட் ஆகுதான்னும் பாத்துட்டு அது நல்லாருக்குன்னு விட்டுட்டாரு. வேற ஆளுன்னா அதையும் தலைல கட்டிருப்பாய்ங்க.

பழைய ரெகுலேட்டர் மேல பட்டை பட்டையா இருக்க ஃபின்ல சேறு அப்பிக் கெடந்துச்சு, சூடு எறங்க காத்து படணுமாம், மதுரை வெயிலுக்கு சொல்லவா வேணும். உப்புன பேட்டரி தேறாதுன்னு கடைசியா அதையும் மாத்துனோம், ஆனா காரணத்த சரி பண்ணிட்டு மாத்துனாரு பாருங்க, அதான் வேலை.

கொறைன்னா, நிக்க எடம் கெடையாது, பில்லு கேட்டா துண்டுச்சீட்டு தான், நடுவுல டீ குடிக்கப் போனா ஆளு சீக்கிரம் வரமாட்டாரு. சாயங்காலம் கூட்டம் அள்ளும், காலைலயே போயிருங்க.